பச்சை முக்கோணம் சொல்வதும் சொல்லாததும்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூனிமேடு வரும். ஒரு பக்கம் கடல். வடக்கே மரக்காணத்தை ஒட்டி உப்பளங்கள். மேற்கே கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் நிலக்கடலை, நெல், தர்ப்பூசணி, சவுக்கு. இந்த வட்டாரத்திலும், ஏன் தமிழ்நாடு முழுவதிலுமே, "மருந்து" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து. "கொல்லைக்கு மருந்து அடிச்சாச்சா?" என்று கேட்டால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்தது தமிழ் மட்டும் இல்லை. இந்திக்கார விவசாயியும் "தவாய்" என்றுதான் சொல்கிறார்.

அந்த மருந்துப் பாக்கெட்டை ஒருநாள் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு மூலையில் சாய்ந்து நிற்கும் ஒரு சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறம். பூச்சி மருந்துகளில் சிவப்பும் மஞ்சளும் அதிகம் கண்ணில் படும். பூஞ்சாணக்கொல்லிகளில் நீலமும் பச்சையும்தான் அதிகம். பச்சை என்றால் ஆபத்தில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். சிக்னலில் பச்சை விழுந்தால் போகலாம், பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது, யார் தீர்மானித்தார்கள், அது எதைச் சொல்கிறது என்பது கொஞ்சம் நீளமான கதை. அந்தக் கதை உப்புத் தண்ணீரில் ஆரம்பிக்கிறது என்பதால் உப்பளக் கரையிலிருந்து தொடங்குவது பொருத்தம்தான்.

உப்பும் தாமிரமும்

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் கோதுமை ஏற்றி வந்த கப்பல் ஒன்று மூழ்கியது. கடல் வற்றிய நேரத்தில் அக்கம்பக்கத்து விவசாயிகள் அந்தக் கோதுமையை அள்ளி வந்தார்கள். ரொட்டிக்கு ஆகவில்லை. சரி, விதைத்துப் பார்ப்போம் என்று விதைத்தார்கள். அந்த வருடம் ஊரெல்லாம் கோதுமையில் கரிப்பூட்டை நோய். கடல் தண்ணீரில் ஊறிய விதையைப் போட்டவர்கள் வயல் மட்டும் சுத்தமாக இருந்தது. ஜெத்ரோ டல் என்ற ஆங்கிலேய விவசாயி 1733-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இதை எழுதி வைத்தார். விதையை உப்புத் தண்ணீரில் ஊற வைக்கும் பழக்கம் பரவியது. பூஞ்சாணத்தால் பயிருக்கு நோய் வரும் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாமலே வைத்தியம் கிடைத்துவிட்டது.

நம் ஊரிலும் நெல் விதையை உப்புத் தண்ணீரில் போடும் முறை உண்டு. ஒரு முட்டையைத் தண்ணீரில் போட்டு, அது மிதக்கும் வரை உப்பைக் கரைக்க வேண்டும். பிறகு விதையைக் கொட்டினால் பதரும் சொத்தையும் மேலே மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். வேளாண்மைத் துறையும் இதைச் சொல்லிக் கொடுக்கிறது. இது மருந்து இல்லை, தரம் பிரிப்பதுதான். ஆனாலும் நோய் தாக்கி எடை குறைந்த விதைகள் இதில் கழிந்துவிடுகின்றன.

உப்புக்கு அடுத்து வந்தது தாமிரம். 1807-ல் பெனடிக்ட் பிரெவோ என்பவர், தாமிரம் பட்ட தண்ணீரில் கரிப்பூட்டை வித்துகள் முளைப்பதில்லை என்று கண்டார். பிறகு 1880-களில் பிரான்சின் போர்தோ பகுதியில் ஒரு வேடிக்கை நடந்தது. சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்றுவிடுகிறார்கள் என்று தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிகளில் தெளித்து வைத்திருந்தார்கள். பார்க்க விஷம் மாதிரி இருக்கும், எவனும் தொடமாட்டான். சாலையோரக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். 1885-ல் அது போர்தோக் கலவை ஆனது. யோசித்துப் பார்த்தால், அந்த நீலக் கறைதான் முதல் எச்சரிக்கை லேபிள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்த லேபிள். பின்னால் வந்தவை பலவற்றுக்கு இந்தத் தகுதி கிடையாது.

படிக்க முடியாத எச்சரிக்கை

20ஆம் நூற்றாண்டில் விதை நேர்த்திக்குப் பாதரசம் வந்தது. கொஞ்சம் போட்டால் போதும், நன்றாக வேலை செய்யும். அக்ரோசான், செரசான் என்ற பெயர்கள் தமிழ்நாட்டுப் பழைய விவசாயிகளுக்கு நினைவிருக்கும். பாதரசத்தோடு ஹெக்சாகுளோரோபென்சீன் என்ற இன்னொரு விதை மருந்தும் உலகச் சந்தையில் இருந்தது.

முதல் அடி துருக்கியில் விழுந்தது. 1950-களின் நடுவில் தென்கிழக்குத் துருக்கியில் அரசு விதைக் கோதுமை வழங்கியது. கரிப்பூட்டை வராமலிருக்க அதில் ஹெக்சாகுளோரோபென்சீன் கலந்திருந்தது. அது பஞ்ச காலம். விதைக்க வேண்டியதை மக்கள் அரைத்து ரொட்டி சுட்டார்கள். 1955-லிருந்து 1959 வரை சுமார் 3,000-லிருந்து 4,000 பேர் வரை பாதிக்கப்பட்டார்கள். வெயில் பட்ட தோல் கொப்பளித்து கறுத்தது, சிறுநீர் சிவந்தது. தாய்ப்பால் குடித்த கைக்குழந்தைகள் ஏராளமாக இறந்தன. 1959-ல் துருக்கி அந்த மருந்தை நிறுத்தியது.

அதைவிடப் பெரியது இராக்கில் நடந்தது. வறட்சியில் விதை தீர்ந்துபோக, இராக் அரசு 1971-ல் வெளிநாட்டிலிருந்து கோதுமையும் பார்லியும் வரவழைத்தது. எல்லாம் விதைக்கானது. பூஞ்சாணம் பிடிக்காமலிருக்க மெதில் பாதரசம் தடவி, இது உணவல்ல என்று காட்டச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த கோதுமை மூட்டைகளில் எச்சரிக்கையும் இருந்தது, ஸ்பானிஷ் மொழியில். மண்டையோட்டுப் படமும் இருந்தது. அந்தப் படத்துக்கு விஷம் என்று அர்த்தம் என்பது இராக்கிய கிராமத்தாருக்குத் தெரியாது. அது ஐரோப்பாவில் உருவான வழக்கம். விதை வந்து சேர்ந்தபோது பல இடங்களில் விதைப்பு முடிந்திருந்தது. வீட்டில் அரிசி கோதுமை இல்லை, வாசலில் மூட்டை மூட்டையாக இலவசக் கோதுமை.

கிராமத்து மக்கள் ஒன்றும் யோசிக்காமல் தின்றுவிடவில்லை என்பதுதான் இதில் வேதனை. சிலர் கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள். சில நாள் கழித்தும் கோழி நன்றாகவே இருந்தது. சிலர் தண்ணீரில் கழுவினார்கள். சிவப்புச் சாயம் போய்விட்டது, விஷமும் போய்விட்டது என்று நினைத்தார்கள். சாயம்தான் போனது. மெதில் பாதரசம் உடம்பில் ஏறி அறிகுறி காட்டப் பல வாரங்கள் ஆகும். கை கால் மரத்துப்போவது, தள்ளாட்டம், பார்வை மங்குவது என்று தெரிய வந்தபோது நிறையச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மட்டும் 6,530 பேர், அங்கே இறந்தவர்கள் 459. வீட்டிலேயே இறந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

லேபிள் இருந்தது. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. படிக்க வேண்டியவருக்குப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். பூஞ்சாணக்கொல்லி லேபிள் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இராக் வராமல் இருக்காது.

ஒரு கப்பல், ஒரு சட்டம்

இந்தியாவில் சட்டம் வந்ததும் ஒரு கப்பல் சரக்கால்தான். 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அப்போதைய சென்னை மாகாணத்திலும் ஆட்கள் திடீர் திடீரென்று வாந்தி எடுத்து விழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரித்ததில் காரணம் கோதுமை மாவு. பாரதியான் என்ற கடுமையான பூச்சிமருந்தும் உணவுப் பொருளும் ஒரே கப்பலில் வந்திருக்கின்றன. மருந்து கசிந்து மூட்டைகளில் இறங்கியிருக்கிறது. ஃபாலிடால் என்ற பெயரில் விற்ற அந்த மருந்து பிறகு தமிழ் சினிமா வசனத்தில்கூட இடம்பிடித்தது. யாராவது "ஃபாலிடால் குடிச்சிடுவேன்" என்று மிரட்டினால் என்ன அர்த்தம் என்று ஒரு தலைமுறைக்கே தெரியும்.

நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. பிறகு பேராசிரியர் எம்.எஸ். தாக்கர் தலைமையில் ஒரு நிபுணர் குழு. கடைசியில் 1968-ல் பூச்சிக்கொல்லிகள் சட்டம் வந்தது, 1971-ல் அதன் விதிகள் வந்தன. சாவுக்கும் விதிகளுக்கும் இடையே 13 வருடம். நம் ஊர் வேகத்துக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை.

இந்தச் சட்டத்தில் ஒரு விநோதம் உண்டு. பூஞ்சாணக்கொல்லி, களைக்கொல்லி, எலி மருந்து எல்லாமே சட்டத்தின் பார்வையில் "பூச்சிக்கொல்லி"தான். அட்டவணையில் பெயர் சேர்ந்துவிட்டால் போதும். காளானைக் கொல்வதும் கரப்பானைக் கொல்வதும் ஒரே சட்டம், ஒரே பதிவுக் குழு, ஒரே மாதிரி லேபிள்.

லேபிளை 1971 விதிகள் மிகவும் விவரமாகச் சொல்கின்றன. லேபிள் முகப்பின் பரப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாமல் அந்தச் சாய்ந்த சதுரம் இருக்க வேண்டும். மேல் முக்கோணத்தில் எச்சரிக்கைச் சொல், கீழ் முக்கோணத்தில் நிறம். மிகக் கொடியது என்றால் சிவப்பு, மேலே மண்டையோடும் "விஷம்" என்ற சொல்லும். அடுத்தது மஞ்சள், இதற்கும் "விஷம்" என்ற சொல் உண்டு, மண்டையோடு கிடையாது. மூன்றாவது நீலம், "அபாயம்". கடைசியாகப் பச்சை, "எச்சரிக்கை". இந்தி, ஆங்கிலத்தோடு அந்தப் பகுதியில் வழங்கும் ஒன்றிரண்டு மொழிகளிலும் லேபிள் அச்சாக வேண்டும். உள்ளே ஒரு துண்டுத்தாள் வேண்டும். அதில் எந்தப் பயிர், எந்த நோய், எவ்வளவு அளவு, விஷம் ஏறினால் என்ன அறிகுறி, என்ன மாற்று மருந்து, காலி டப்பாவை என்ன செய்வது என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

இவற்றில் ஒரு விதி பாராட்டுக்குரியது. "பாதுகாப்பானது", "விஷமற்றது", "தீங்கற்றது" என்ற சொற்கள் லேபிளில் வரவே கூடாது. "சொன்னபடி பயன்படுத்தினால்" என்ற வாலைச் சேர்த்துக்கொண்டாலும் கூடாது. யாரோ விவரமான ஆள் எழுதியிருக்கிறார். ஆனால் சொல்லால் தடுத்ததை நிறத்தால் உள்ளே விட்டுவிட்டார்கள்.

எலி சொல்லும் கணக்கு

நிறத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? எலிகள். 1927-ல் டிரெவன் என்ற ஆங்கிலேயர் ஒரு அளவுகோலைக் கொண்டுவந்தார். ஒரு பொருளைக் கொடுத்தால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் அளவு எதுவோ, அதுதான் எல்.டி.50. கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். நம் விதிகளின்படி வாய்வழி அளவு 50 வரை என்றால் சிவப்பு, 51-லிருந்து 500 வரை மஞ்சள், 501-லிருந்து 5,000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. தோல் வழிக்கும் தனிக் கணக்கு உண்டு.

ஒரே தடவையில் வயிற்றுக்குள் போனால் எவ்வளவு சீக்கிரம் சாவு என்பதை இந்தக் கணக்கு நன்றாகச் சொல்லும். குழந்தை எடுத்துக் குடித்துவிட்டது, கிணற்றில் கொட்டிவிட்டது மாதிரி விபத்துகளுக்கு இது தேவையான தகவல். பாரதியான் சாவுகளுக்குப் பிறகு எழுதிய விதிகள் இப்படித்தான் இருக்கும். ஆனால் 20 வருடம் வாரத்துக்கு இரண்டு தடவை தெளிப்பானைத் தோளில் மாட்டி அடிக்கிறவருக்கு என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. புற்றுநோய், தைராய்டு, கருவில் குறைபாடு எதுவும் இதில் வராது. எலி அன்றைக்குச் சாகவில்லை, ஆகவே பச்சை.

பூஞ்சாணக்கொல்லிகளின் சிக்கல் சரியாக இங்கேதான் இருக்கிறது. அவற்றில் பல அன்றைக்கே ஆளைக் கொல்பவை அல்ல.

மாங்கோசெப்பை எடுத்துக்கொள்வோம். எம்-45 என்று கேட்டால் எந்த உரக்கடையிலும் மஞ்சள் பொடியை எடுத்துக் கொடுப்பார்கள். நிலக்கடலையின் டிக்கா இலைப்புள்ளி, துரு, தக்காளிக் கருகல் என்று எல்லாவற்றுக்கும் அடிக்கலாம். எல்.டி.50 கணக்கில் பச்சை. ஆனால் இது சிதையும்போதும், இது பட்ட காயை வேகவைக்கும்போதும் எதிலீன் தயோயூரியா என்ற பொருள் உண்டாகிறது. அது தைராய்டைப் பாதிக்கும் என்பதும், சோதனை விலங்குகளில் கட்டிகளை உண்டாக்கும் என்பதும் பழைய செய்தி. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1980-களில் இந்தக் குடும்பம் முழுவதையும் மறு ஆய்வுக்கு எடுத்தது. 1992-ல் 11 பயிர்களுக்கு மட்டும் தடை போட்டு மற்றதை விட்டுவைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மாங்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. இனப்பெருக்கத்துக்குக் கேடு, ஹார்மோன்களைக் குலைக்கும் என்பவை காரணங்களில் சில.

தைரம் இன்னும் சுவாரசியமானது. விதை நேர்த்திக்குப் பயன்படும் இந்தப் பொருள் ரப்பர் தொழிலிலும் உண்டு. 1937-ல் அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை மருத்துவர் கவனித்தது: இந்த வகை வேதிப்பொருளோடு வேலை செய்யும் தொழிலாளிகளால் குடிக்கவே முடியவில்லை. ஒரு வாய் பீர் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்தது. பிற்பாடு இதே குடும்பத்தைச் சேர்ந்த டைசல்ஃபிராம் குடியை நிறுத்தும் மாத்திரையாக வந்தது. விதைக்குத் தைரம் கலந்துவிட்டு, சாயந்திரம் கடைக்குப் போகிறவருக்கு இந்தத் தகவலை முக்கோணத்தின் நிறம் சொல்லாது.

மறு ஆய்வு என்னும் மெல்லோட்டம்

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. காப்டபால் என்ற பூஞ்சாணக்கொல்லியை இலையில் தெளிப்பது 1989-ல் தடை செய்யப்பட்டது. விதை நேர்த்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மருந்து அதேதான், ஆனால் ஒரு வேலைக்கு ஆகும், இன்னொன்றுக்கு ஆகாது. டப்பாவில் இருக்கும் பொடிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் லேபிளில் மட்டும்தான் இருக்கிறது.

பெரிய அளவில் மறு ஆய்வு வந்தது 2013-ல். வேறு ஏதாவது ஒரு நாட்டில் தடை செய்யப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருந்து, இந்தியாவில் மட்டும் விற்றுக்கொண்டிருந்த 66 மருந்துகளைப் பார்க்கச் சொல்லி டாக்டர் அனுபம் வர்மா தலைமையில் குழு அமைத்தார்கள். 2015 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். சிலவற்றை உடனே தடை செய்யலாம், சிலவற்றை 2020-க்குள் நிறுத்தலாம், 27-ஐ மேலும் ஆய்வு முடிவுகள் வாங்கி 2018-ல் மறுபடி பார்க்கலாம், மீதியில் பெரும்பகுதி தொடரட்டும் என்றது அறிக்கை.

2018 ஆகஸ்டில் 18 மருந்துகளுக்குத் தடை ஆணை வந்தது. 12 உடனடியாக, 6 மட்டும் 2020 கடைசி வரை அவகாசத்தோடு. பூஞ்சாணக்கொல்லிகளில் பெனோமில், ஃபெனாரிமால், டிரைடெமார்ஃப், மெத்தாக்சி எதில் மெர்க்குரி குளோரைடு ஆகிய நான்கும் போயின. கடைசிப் பெயரைக் கவனியுங்கள், பாதரசம். இராக்கில் 459 பேர் இறந்து நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆன பிறகும் உருளைக்கிழங்கு, கரும்புக் கரணை நேர்த்திக்கு என்று இந்தியாவில் பாதரச மருந்துக்கு அனுமதி இருந்தது. அதே 2018-ல்தான் இந்தியா பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையையும் ஏற்றுக்கொண்டது.

பெனோமில் கதையில் ஒரு திருகு. அதைக் கண்டுபிடித்து விற்ற டூபான்ட் நிறுவனமே 2001-ல் விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. இந்தியா தடை செய்தது 17 வருடம் கழித்து. சரி, தாமதமானாலும் நல்லதுதான் என்று நினைப்பதற்குள், பெனோமில் தண்ணீரிலும் செடியிலும் சிதைந்து எதுவாக மாறுகிறது என்று பார்த்தால் கார்பன்டசிம். பூஞ்சாணத்தைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் அதுதான் செய்கிறது. பவிஸ்டின் என்ற பெயரில் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த மருந்து அது. ஐரோப்பாவில் அது மரபணு மாற்றமும் கருக்கேடும் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டு, 2014-ல் அனுமதி காலாவதியானது. 2012-ல் அமெரிக்கா பிரேசில் ஆரஞ்சுச் சாற்றில் இது இருக்கிறது என்று கப்பல்களை நிறுத்திச் சோதித்தது. இந்தியாவில் தாயைத் தடை செய்துவிட்டுப் பிள்ளையை விட்டுவைத்தார்கள்.

அந்தப் பிள்ளையும் மாட்டிக்கொண்டது மாதிரிதான் இருந்தது. 2020 மே 18-ல் வேளாண் அமைச்சகம் 27 மருந்துகளைத் தடை செய்யும் வரைவாணையை வெளியிட்டது. பூஞ்சாணக்கொல்லிகளில் காப்டான், கார்பன்டசிம், மாங்கோசெப், தயோபனேட் மெதில், தைரம், சினெப், சிரம், டைனோகாப் என எட்டும் பட்டியலில் இருந்தன. கேட்ட பாதுகாப்பு ஆய்வுகளை நிறுவனங்கள் முழுமையாகக் கொடுக்கவில்லை என்பது பல மருந்துகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆட்சேபம் சொல்ல முதலில் 45 நாள் கொடுத்தார்கள், பிறகு 90 நாளாக நீட்டினார்கள்.

ஆட்சேபம் மழையாகக் கொட்டியது. எல்லாமே கம்பெனிகளின் பசப்பு என்று தள்ளிவிட முடியாது. இந்த 27-ம் காப்புரிமை முடிந்த மலிவு மருந்துகள். இவை போனால் அந்த இடத்தில் வருபவை பல மடங்கு விலை. குத்தகை நிலத்தில் கடலை போடுகிறவருக்கு அது பெரிய அடி. இன்னொரு வாதம் அறிவியல் சார்ந்தது. மாங்கோசெப் பூஞ்சாணத்தைப் பல இடத்தில் தாக்குகிறது, அதனால் பூஞ்சாணம் அதற்குப் பழகிக்கொள்வது அபூர்வம். புது மருந்துகள் பலவும் ஒரே இடத்தில் தாக்குபவை, சில பருவத்திலேயே எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். இந்த வாதத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் மாங்கோசெப்பை அதிகம் தயாரித்து ஏற்றுமதி செய்யும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதும் இந்தக் கூட்டலில் சேர வேண்டும்.

மறுபடியும் குழு. 2021-ல் டி.பி. ராஜேந்திரன் தலைமையில் ஒன்று. 2023 பிப்ரவரியில் புது வரைவு வந்தபோது 27 என்பது 3 ஆகியிருந்தது. மார்ச்சில் உச்ச நீதிமன்றமே, ஏன் மூன்று மட்டும் என்று அரசைக் கேட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் வந்த இறுதி ஆணையில் டைகோஃபால், டைனோகாப், மெத்தோமில் மூன்றுக்கும் தடை, மோனோகுரோட்டோபாஸின் ஒரு வடிவத்துக்குத் தடை. எட்டுப் பூஞ்சாணக்கொல்லிகளில் முழுதாகப் போனது டைனோகாப் ஒன்றுதான்.

மாங்கோசெப்புக்கு என்ன ஆயிற்று? கொய்யா, சோளம், மரவள்ளி என்ற மூன்று பயிர்கள் லேபிளிலிருந்து நீக்கப்பட்டன. அமெரிக்கா 1992-ல் செய்ததைப் போலத்தான், பட்டியல் மட்டும் சின்னது. மரவள்ளி தமிழ்நாட்டுக்கு முக்கியமான பயிர். சேலம், நாமக்கல், கள்ளக்குறிச்சி பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதை நம்பி இருக்கின்றன. கடலைக்கு வாங்கிய பாக்கெட்டில் பாதி மீதம் இருக்கிறது, பக்கத்துக் கொல்லையில் மரவள்ளி இலையில் புள்ளி விழுந்திருக்கிறது. டெல்லியில் ஒரு பயிரின் பெயர் நீங்கியதை அந்த மீதிப் பொடி எப்படித் தெரிந்துகொள்ளும்? உரக்கடையில் மருந்து கேட்கிறவர் பெரும்பாலும் நோய் பிடித்த இலையைக் கையில் கொண்டுவந்து காட்டுகிறார். கடைக்காரர் இலையைப் பார்த்து "இதப் போடுங்க, ஒரு டேங்குக்கு ரெண்டு மூடி" என்கிறார். அந்த இடத்தில் மருத்துவர், மருந்துக்கடை, லேபிள் மூன்றும் அவர்தான்.

மாநில அரசால் முடிந்தது குறைவு. அவசரம் என்றால் 60 நாள் விற்பனையை நிறுத்தலாம், மேலும் 30 நாள் நீட்டலாம், அதற்கு மேல் மத்திய அரசுதான். கேரளம் மட்டும் 2011-ல் துணிந்து பல மருந்துகளை மாநிலத்துக்குள் நிறுத்தியது. நெல் குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோலும் அதில் ஒன்று. 1958-ல் மாவு தின்று செத்தவர்களின் மாநிலம் அது. அதே டிரைசைக்ளசோலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அரிசியில் எச்ச அளவைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01-ஆகக் குறைக்க முடிவெடுத்தபோது, வட இந்தியாவில் பாசுமதி விவசாயிகளிடம் அதை அடிக்காதீர்கள் என்று அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். ஏற்றுமதியாகும் சோற்றுக்கு இருந்த அக்கறை பொன்னிக்கு இல்லை.

1968 சட்டத்துக்குப் பதிலாக 2008-ல் ஒரு மசோதா, 2020-ல் இன்னொரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தன. 2008-ல் வந்தது சட்டமாகவில்லை. 2020-ல் வந்தது நிலைக்குழுவுக்குப் போனது.

மரக்காணம் பக்கம் பெய்யும் மழை வயல்களைக் கழுவிக்கொண்டு கழுவெளி ஏரிக்குப் போய், அங்கிருந்து முகத்துவாரம் வழியாகக் கடலில் சேர்கிறது. ஃபிளமிங்கோ வந்து இறங்கும் அந்த ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. கொஞ்சம் மேற்கே திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. 7 மாதிரிக் கடலை ரகங்களின் பெயரில் உள்ள டி.எம்.வி. அந்த ஊரின் பெயர்தான். கடலை விதை நேர்த்திக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் கிலோவுக்கு 2 கிராம் கார்பன்டசிம் உண்டு. அதற்குப் பதிலாக 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியும் போடலாம் என்று இருக்கிறது. டிரைக்கோடெர்மா என்பது ஒரு பூஞ்சாணம். மண்ணில் இயல்பாகவே இருப்பது, வேரழுகல் உண்டாக்கும் மற்றப் பூஞ்சாணங்களைத் தின்று வாழ்வது. ஆனால் அதுவும் 1968 சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது, அதே குழுவிடம்தான் பதிவு செய்ய வேண்டும். ஆகவே உரக்கடை அலமாரியில் மாங்கோசெப் பாக்கெட்டும் டிரைக்கோடெர்மா பாக்கெட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், இரண்டின் மூலையிலும் இருப்பது ஒரே பச்சை முக்கோணம்தான்.